ரோமானியக் காசு சேர்க்க ஆசை: தர்மபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் வழி சொல்லுங்கள்

தக்காளிமண்டி (ராயக்கோட்டை)

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசகன், எழுதுவது குறைவு. என்னிடம் இருப்பதெல்லாம் நம்ம பக்கத்துச் சரக்கு: திப்பு காலத்து யானைக்காசு, மைசூர் செப்புக்காசு, கொஞ்சம் கம்பெனிக் காசு. பாராமகால் (நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) 1792 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கையில் இருந்ததால் இவை இங்கே கிடைப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இப்போது ரோமானியக் காசில் மனது போய்விட்டது.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பித்தளைச் சாமான், பூட்டு, மாட்டுமணி என்று துணி விரித்து விற்கிறவர் ஒருவர் வெள்ளிக்காசு ஒன்றைக் காட்டினார். முன்பக்கம் இலைமாலை சூடிய ஆண் தலை, வலப்பக்கம் பார்த்தபடி. பின்பக்கம் இருக்கையில் ஒரு பெண், கையில் நீளமான கோல். சுற்றிலும் ஆங்கிலம் மாதிரி எழுத்து. "காவேரிப்பட்டணம் பக்கம் ஏர் ஓட்டும்போது கிடைத்தது, ஆறாயிரம்" என்கிறார். நான் வாங்கவில்லை, படம் எடுக்கவும் விடவில்லை.

இது அசலாக இருக்க வாய்ப்பு உண்டா? வாங்கினால் சட்டச் சிக்கல் வருமா? மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒதுக்க முடியாதவன் எங்கே ஆரம்பிக்கலாம்?

காசுப்பித்தன் (ஓசூர்)

வாங்க தம்பி. நீங்கள் சொல்கிற காசு எதுவென்று படமே இல்லாமல் சொல்லிவிடலாம். டைபீரியஸ் என்ற ரோமானியச் சக்கரவர்த்தியின் டினாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக்காசு. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். பின்பக்கப் பெண்ணின் மறு கையில் ஒரு கிளை இருக்கும், பாருங்கள். எழுத்து 'பான்டிஃப் மாக்ஸிம்' என்று ஓடும், தலைமைப் பூசாரி என்ற பட்டம். பைபிளில் சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள் என்று வருகிறதே, அந்தக் காசு இதுதான் என்று பலரும் நம்புவதால் உலகம் முழுக்க இதற்குக் கிராக்கி. கிராக்கி இருக்கிற இடத்தில் போலி இருக்கும். ரோமானிய வெள்ளியில் அதிகம் போலி செய்யப்படும் காசுகளில் இது ஒன்று.

கொங்கு நாட்டில் புதையலாகக் கிடைத்ததிலும் இதுவும், டைபீரியஸுக்கு முன் ஆண்ட அகஸ்டஸ் தன் பேரப்பிள்ளைகள் காயஸ், லூசியஸ் இருவரையும் கேடயம் ஈட்டியோடு நிற்கவைத்து அடித்த காசும்தான் அதிகம். அதனால் "வயலில் கிடைத்தது" என்ற கதை கேட்க நன்றாக இருக்கும். விற்கிறவருக்கும் அது தெரியும்.

அடுத்த முறை போகும்போது நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, பத்து மடங்கு லென்ஸ் இரண்டையும் கொண்டுபோங்கள். எடையைக் குறியுங்கள். விளிம்பை முழுச்சுற்றும் பாருங்கள். காசின் முகத்தைப் பார்த்து மயங்குகிறவன்தான் ஏமாறுவான்.

மாங்கூழ் (கிருஷ்ணகிரி)

ஆறாயிரம்தானா? எனக்கு ஒருவர் கோபுரக் கலசமே காட்டினார், அரிசியை இழுக்குமாம், விலை கோடியாம். அதற்கு இது தேவலை 😄

அரூர் வாத்தியார்

தக்காளிமண்டி, ஆர்வத்துக்கு வாழ்த்துகள். முதலில் ஒன்று: ரோமானியக் காசு என்றதும் "யவனர் தந்த வினைமாண் நன்கலம்" என்று ஆரம்பித்து இழையை நிரப்ப வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அகநானூற்றுப் பாட்டு முசிறியைப் பற்றியது. நம் தகடூரை, அதாவது பழைய தர்மபுரியைப் பற்றியது அல்ல.

தமிழகத்துப் புதையல்களின் வரைபடத்தைப் பார்த்தால் கோவை, திருப்பூர், கரூர் பகுதியில் புள்ளிகள் குவிந்துகிடக்கும். வெள்ளலூரில் 1842-ல் ஒரே பானையில் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள். பிறகும் அதே ஊரில் கிடைத்தன. உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946-ல் ஆயிரத்துக்கும் மேல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையும் உள்நாடும் இணைந்த பாதை அது. படியூரில் பச்சைக்கல், கொடுமணலில் கல்மணிப் பட்டறைகளும் இரும்பு வேலையும். மேற்குக் கரைத் துறைமுகங்களில் மிளகு. காசு வந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

நம் இரண்டு மாவட்டங்களின் பெருமை வேறு வகை. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்க ஒரு நாள் போதாது. அதியமான்களுக்குக்கூட ஈயத்தில் சொந்தக் காசு உண்டு என்று செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டிப் புதையலை வைத்துச் சொல்வார்கள். ரோமானியக் காசு காவேரிப்பட்டண வயலில் கிடைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிக் கிடைத்திருந்தால் அது செய்தி. சந்தைத் துணியில் ஆறாயிரத்துக்குக் கிடக்கிற பொருள் அல்ல.

தக்காளிமண்டி

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் வந்தேன். தராசை எடுத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "நகைக்கடையா வெச்சிருக்கேன்" என்றார். இருந்தாலும் கொடுத்தார்.

எடை 2.74 கிராம். விளிம்பில் ஒரு பாதி வழவழப்பு, மறு பாதியில் அரம் போட்ட மாதிரி நேர்கோடுகள், எல்லாம் ஒரே சாய்வு. அந்தக் கோடுகளுக்கு நடுவில் மெல்லிய மேடு ஒன்று வரப்பு மாதிரி ஓடுகிறது. லென்ஸில் பார்த்தால் கழுத்துப் பகுதியில் ஊசிமுனை அளவு குழிகள், மூக்கின் முன்னால் வெற்றிடத்தில் சின்னச் சின்ன மொட்டுகள். எழுத்துகளின் ஓரம் எங்குமே கூர்மையாக இல்லை.

இதோடு நிற்கவில்லை. நான் யோசிப்பதைப் பார்த்து அவரே பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, "இரண்டும் சேர்த்துப் பத்தாயிரம்" என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் காதுக்குப் பின்னால் அதே இடத்தில் அதே பிறைவடிவ வெட்டு. இரண்டிலும் தலை ஒரே அளவுக்கு இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. கீழே விளிம்பில் ஒரு வெடிப்பு, அதுவும் இரண்டிலும்.

காசுப்பித்தன்

கதை முடிந்தது.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் காசு கையால் அடித்தது. கீழே ஒரு அச்சு, நடுவில் சூடேற்றிய வெள்ளி வில்லை, மேலே இன்னொரு அச்சு, அதன் தலையில் சம்மட்டி. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்திருப்பார்கள். ஆகவே உருவம் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் வில்லை ஒவ்வொன்றும் தனி. அது எப்படி உட்கார்ந்தது, எங்கே வெடித்தது, பிற்பாடு யார் கையில் எங்கே கீறல் விழுந்தது என்பதெல்லாம் ஒவ்வொரு காசுக்கும் வேறு. இரண்டு காசில் ஒரே வெட்டு, ஒரே வெடிப்பு, ஒரே விலகல் என்றால் ஒரு மூலக்காசை வைத்து அச்சு எடுத்து வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் பார்த்த வரப்பு, இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த மூட்டு. அதை மறைக்கத்தான் அரம்.

எடையும் சொல்கிறது. டைபீரியஸ் காசு நல்ல நிலையில் 3.7, 3.8 கிராம் இருக்கும். நன்றாகத் தேய்ந்தால் மூன்றரைக்கு வரும். வேறெந்தக் கோளாறும் இல்லாமல் 2.7 இருந்தால் உள்ளே செம்பு வைத்து வெள்ளி முலாம் பூசிய அந்தக் காலத்துப் போலியோ என்று யோசிக்கலாம். ரோமிலும் அப்படிக் கள்ளக்காசு உண்டு, நம் நாட்டிலேயே அடித்த நகல்களும் உண்டு. தெலங்கானாவில் கொண்டாபூர் அகழாய்வில் டைபீரியஸ் காசைப் பார்த்துச் சுடுமண்ணிலேயே பதக்கம் செய்து போட்டிருக்கிறார்கள். அவையெல்லாம் வரலாறு. உங்கள் சந்தைக்காசு போன வருஷத்துச் சரக்கு.

மாங்கூழ்

அண்ணா, ஒரு சந்தேகம், கிண்டல் இல்லை. அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளி இவ்வளவு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ராஜாக்கள் வெள்ளி ஏன் அந்த அளவுக்கு இல்லை? வியாபாரம் படுத்துவிட்டதா?

அரூர் வாத்தியார்

நல்ல கேள்வி மாங்கூழ். வியாபாரம் படுக்கவில்லை. நீரோ கி.பி. 64-ல் காசை மாற்றினார். ஒரு ராத்தல் வெள்ளியில் முன்பு 84 டினாரியஸ், அதன் பிறகு 96. எடையும் குறைந்தது, வெள்ளியின் தரமும் குறைந்தது. ரோமுக்குள் சக்கரவர்த்தி முகம் இருந்தால் அது காசு, வாங்கித்தான் ஆக வேண்டும். இங்கே அந்த முகத்துக்கு என்ன மரியாதை? இங்கே எடை போட்டு, உரசிப் பார்த்து வாங்கியிருப்பார்கள். ஆகவே பழைய நல்ல வெள்ளிதான் இங்கே விலைபோயிருக்கும். அதற்குப் பிறகு தங்கத்தின் பங்கு கூடுகிறது என்பதைப் புதையல்களிலேயே பார்க்கலாம்.

காசை உலோகமாகத்தான் பார்த்தார்கள் என்பதற்கு இன்னொரு சாட்சி புதுக்கோட்டை. கறுக்காக்குறிச்சியில் 1898-ல் கிடைத்த 501 தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஏன் என்பதில் ஆளுக்கொரு கருத்து. தேய்ந்த காசை இனிக் காசாகச் செல்லாது, உருக்கத்தான் என்று அடையாளம் போட்டார்கள் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஷியஸ் (ரோமானியப் பணம்) இந்தியாவுக்குப் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி புலம்பியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். போன பணத்தை இங்கே உளி வைத்து வெட்டியதைப் பார்த்திருந்தால் இன்னும் புலம்பியிருப்பார்.

பத்துமடங்கு (தர்மபுரி)

தாமதமாக வருகிறேன். தக்காளிமண்டி தம்பியின் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் வெள்ளியிலேயே நிற்கிறீர்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்காரர் வெள்ளி டினாரியஸ் கனவை ஓரம் வைத்துவிட்டு நான்காம் நூற்றாண்டுச் செம்புக்கு வரட்டும்.

நானும் என் மகளும் சேர்ப்பது அதுதான். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி, அவர் பிள்ளைகள், அதற்குப் பின் வந்தவர்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். சில நூறு ரூபாய்க்கே நல்ல காசு கிடைக்கும். விலை குறைவு என்பதால் போலி செய்பவருக்கு லாபம் குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு. ஆனால் படிக்க இருக்கிற விஷயம் வெள்ளியைவிட அதிகம். 330 வாக்கில் புதுத் தலைநகர் திறந்தபோது ரோமுக்கு ஒரு காசு, கான்ஸ்டான்டினோபிளுக்கு ஒரு காசு என்று அடித்தார்கள். ரோம் காசில் பின்பக்கம் ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும், மேலே இரண்டு நட்சத்திரம். 'குளோரியா எக்ஸர்சிடஸ்' என்ற வகையில் இரண்டு சிப்பாய்கள், நடுவில் படைக்கொடி. 348-க்குப் பிறகு வந்த இன்னொரு வகையில் குதிரையோடு விழுந்த எதிரியை ரோமானிய வீரன் ஈட்டியால் குத்துவான். எழுத்தோ நல்ல காலம் திரும்பிவிட்டது என்று சொல்லும். அரசாங்க விளம்பரம் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்.

முக்கியமானது, பின்பக்கம் அடியில் கோடு போட்டு அதற்குக் கீழே எந்த ஊர் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) என்று சுருக்கெழுத்து இருக்கும். லண்டனிலிருந்து அலெக்சாண்டிரியா வரை. அதைப் பிடித்துவிட்டால் காசு பேச ஆரம்பித்துவிடும்.

சுத்தம் செய்வது பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை வேண்டாம், விபூதி வேண்டாம், பித்தளை பாலிஷ் வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கு இல்லை இது. அந்தப் பச்சை, பழுப்பு மேல்தோலில்தான் எழுத்தே நிற்கிறது, தோலை உரித்தால் உள்ளே மொட்டை. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சிவடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறட்டும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு லென்ஸுக்கு அடியில் வைத்து மூங்கில் பல்குச்சியாலோ ரோஜா முள்ளாலோ மண்ணை மட்டும் தள்ளுங்கள். வெளிர்பச்சையில் மாவு மாதிரி பொடி உதிர்ந்தால் அது வேறு, காசை அரிக்கும் நோய். அந்தக் காசை உடனே தனியாகப் பிரித்துவையுங்கள், ஈரம் படக் கூடாது. வழவழப்பான மலிவுப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுவைக்காதீர்கள், அதிலிருந்து கசிகிற அமிலம் வருஷம் இரண்டில் பச்சைக் களிம்பாக்கிவிடும். காகித உறை போதும்.

அதியமான்கோட்டை_82

எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் எங்கள் மாமா நிலத்தில் சொட்டுநீர்க் குழாய்க்குக் குழி எடுக்கும்போது சின்ன மண்கலயம் உடைந்து காசு கொட்டியது. கைப்பிடி நிறைய இருக்கும், கறுப்பும் பச்சையுமாக. ரோமானியக் காசுதானே? என்ன விலை போகும்? தனிச்செய்தியில் கூப்பிடுங்கள்.

காசுப்பித்தன்

தம்பி, நிறுத்துங்கள். ஊர் பெயர், நிலம், படம் எதையும் இங்கே போடாதீர்கள். உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பி "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்பவர் யாரானாலும் நம்பாதீர்கள். காசைத் தேய்க்காதீர்கள், பிரித்து உறவினருக்குக் கொடுக்காதீர்கள். கலய ஓடுகளையும் எடுத்துவையுங்கள்.

அரூர் வாத்தியார்

அதியமான்கோட்டை, சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் முடிவு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எந்தத் தேதி என்று. பத்து ரூபாய் அந்தக் காலக் கணக்கு, இன்று எதுவும் தப்பாது. மறைத்தால் ஓராண்டு வரை சிறைக்கு வழியுண்டு, பங்கும் போய்விடும்.

தெரிவித்தால் எல்லாம் போய்விடும் என்பதும் சரியல்ல. உரிமை கோர வேறு யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும்.

மாங்கூழ்

வாத்தியாரே, செம்புக்காசுக்கு உலோக மதிப்பு கிலோ கணக்கில்தானே? கைப்பிடிச் செம்புக்கு ஒரு பிரியாணி வரும். அதற்கு மாமா வி.ஏ.ஓ., தாசில்தார், கலெக்டர் ஆபீஸ் என்று நடக்க வேண்டும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. நிலத்தைத் தொல்லியல்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று ஊரில் ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். பேசாமல் உருக்கிவிட்டால் என்ன என்றுதான் பாதிப்பேர் நினைப்பார்கள். உருக்கு என்று நான் சொல்லவில்லை. ஏன் மறைக்கிறார்கள் என்றால் இதனால்தான்.

அரூர் வாத்தியார்

சட்டம் அந்த இடத்தில் கஞ்சத்தனமானதுதான், மறுக்கவில்லை. வெள்ளையர் காலத்தில் எழுதியது. அரிய செம்புக்காசுக்குச் சந்தை விலையை ஒட்டி ஏதாவது கொடுத்தால் பாதிப் புதையல் தானாக வெளியே வரும். ஆனால் ஒரு கலயம் காசு கிடைத்ததும் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது வீண் பயம்.

இன்னொன்று. காசு ஒரு மண் அடுக்கில் இருந்தபடி கிடைத்தால் அந்த அடுக்கு அந்தக் காசு அடித்த காலத்துக்கு முந்தியது அல்ல என்று உறுதியாகிறது. அதே அடுக்கில் உள்ள பானை ஓடு, மணி, எலும்பு எல்லாவற்றுக்கும் காலம் கிடைக்கிறது. அதே காசு கைமாறி ஓசூரிலோ பெங்களூரிலோ ஒருவர் ஆல்பத்துக்குப் போனால் அழகான உலோகத் துண்டு, அவ்வளவுதான். சேகரிப்பவர்கள் மேல் எனக்கு இருக்கிற மனத்தாங்கல் இதுதான், யாரும் தனிப்பட எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காசுப்பித்தன்

எடுத்துக்கொள்கிறேன் வாத்தியாரே, ஓசூர் ஆல்பம் என்று என்னைத்தானே சொன்னீர்கள் :)

கரூர் அமராவதி ஆற்று மணலில் பல காலமாகக் காசு கிடைக்கிறது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் செம்பு, சேரர் காசு, எல்லாம் கலந்து. ஆறு புரட்டிப்போட்டதில் மண் அடுக்கு எங்கே இருக்கிறது? அவற்றை வாங்கி, படித்து, வெளியிட்டவர்கள் சேகரிப்பாளர்கள்தான். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பாண்டியர் காசை அடையாளம் காட்டினார். கரூர், மதுரை ரோமானியச் செம்பை வகைப்படுத்தியவரும் அவரே. 'மாக்கோதை' என்று பெயரும் தலையும் பொறித்த சேரர் வெள்ளிக்காசு ரோமானியக் காசின் சாயலில் அடித்தது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. இதெல்லாம் சேகரிப்பவர் கண்ணில் படாமல் போயிருந்தால் பாதி பாத்திரக்கடை உலைக்குப் போயிருக்கும்.

அரூர் வாத்தியார்

ஆற்று மணலுக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கலயத்தோடு கிடைத்ததற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். கிருஷ்ணமூர்த்தி மாதிரி வெளியிடுகிறவர் ஆயிரத்தில் ஒருவர். மற்ற 999 பேர் பூட்டி வைக்கிறவர்கள்.

பத்துமடங்கு

கரூர்ச் செம்பு பற்றி ஒரு சேதி. கையில் எடுத்துப் பார்த்தால் வெளிநாட்டுக் காசுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். பெரும்பாலும் படுதேய்மானம், முகம் வெறும் மேடாக நிற்கும். தங்கமும் வெள்ளியும் உலோகத்துக்காக வந்தன, சரி. இந்தத் தம்மாத்துண்டுச் செம்பை யார் உலோகத்துக்காகக் கப்பலேற்றுவார்கள்? இங்கே சில்லறையாகப் புழங்கித்தான் இப்படித் தேய்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இலங்கையிலும் இதேபோல் ஏராளமாகக் கிடைக்கின்றன, பார்த்து அடித்த நகல்களும் அங்கே உண்டு. எனக்கு ஒரு தேய்ந்த கரூர்க் காசு, புத்தம்புதிதாகப் பளபளக்கும் ஐரோப்பியக் காசைவிடப் பிடிக்கும். ஆனால் விற்பவர் எங்கே, எப்படி வந்தது என்று எழுதித் தராவிட்டால் வாங்குவதில்லை. வாத்தியாரும் காசுப்பித்தன் அண்ணாவும் இதிலாவது ஒத்துப்போவீர்கள் என்று நினைக்கிறேன்.

அதியமான்கோட்டை_82

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் பேசினேன். முதலில் திட்டினார். பிறகு வி.ஏ.ஓ. தெரிந்தவர் என்பதால் போய்ச் சொல்லி, தாலுகா அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து ஒப்படைத்துவிட்டோம். எண்ணி, எடை போட்டு, கையெழுத்துப் போட்ட நகல் தந்தார்கள். மேற்கொண்டு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம். அங்கே ஒன்றை லேசாகத் துடைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் யானை இருந்தது. ரோமானியர்கள் யானை போட்டிருக்கிறார்களா?

தக்காளிமண்டி

யானை என்றால் என் இலாகா! ரோமானியரும் யானை போட்டதுண்டு, ஆனால் நம் மண்ணில் தடிமனான செம்பில் யானை என்றால் பத்தில் ஒன்பது மைசூர். யானைக்குப் பின்பக்கம் பாரசீக எழுத்து இருந்ததா? திப்பு காசாக இருந்தால் அதிலேயே வருஷம் இருக்கும். பிற்காலத்துக் காசுகளில் திப்பு கொண்டுவந்த மௌலூதி ஆண்டை வலமிருந்து இடமாக எழுதியிருப்பார்கள், தெரியாதவர் தலைகீழாகப் படித்துவிடுவார்.

மாங்கூழ்

இவ்வளவு சண்டை போட்டதும் திப்பு சுல்தானுக்காகவா!

அரூர் வாத்தியார்

திப்புவாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். 1792 போர்க்காலத்தில் யாரோ பயந்து புதைத்த கலயமாக இருந்தால், எனக்கு டைபீரியஸைவிட அதுதான் இந்த மாவட்டத்தின் கதை. மாமாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

தக்காளிமண்டி

இன்னொரு சந்தேகம். வெளிநாட்டு ஏலத் தளங்களில் செம்புக்காசு மலிவாகத் தெரிகிறது. நேரடியாக வாங்கலாமா?

காசுப்பித்தன்

வாங்கலாம், பில் இல்லாமல் வாங்காதீர்கள். பொட்டலம் சுங்கத்தில் நிற்கும், வரி கட்ட வேண்டும், தபால் செலவு காசு விலையைத் தாண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பொட்டலமாக எடுப்பது நல்லது. 1972 தொல்பொருள் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். நூறு வருஷம் தாண்டிய எந்தக் காசும் தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. விற்பதைத் தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வந்த காசு போலி என்று தெரிந்தால், தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கித் திருப்பி அனுப்பலாம். அசல் என்றால் பிடிக்காவிட்டாலும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஓசூரில் இருக்கிறவனுக்கு பெங்களூரு நாணயக் கண்காட்சி ஒரு மணி நேரம். அங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. ராயக்கோட்டையிலிருந்து ரயிலே இருக்கிறது உங்களுக்கு.

தக்காளிமண்டி

போய் வந்தேன், காசுப்பித்தன் அண்ணாவும் கூட இருந்தார். முதல் ரோமானியக் காசு வாங்கியாயிற்று, பில்லோடு, எழுநூறு ரூபாய். 'குளோரியா எக்ஸர்சிடஸ்', இரண்டு சிப்பாய்கள், நடுவில் ஒரே ஒரு கொடி. எடை 1.6. முன்பக்க எழுத்து பாதி போய்விட்டது. அடியில் எஸ், எம், ஏ, என் வரைக்கும் தெரிகிறது, அதற்குப் பிறகு முக்கோணம் மாதிரி ஏதோ. பத்துமடங்கு அக்கா பார்த்துச் சொல்ல வேண்டும்.

பத்துமடங்கு

அருமை. எஸ் எம் என்பது அரசு அக்கசாலை, ஏ என் அந்தியோக்கியா. இன்றைய துருக்கியில் இருக்கும் அந்தாக்கியா. முக்கோணம் கிரேக்க எழுத்து டெல்டா, நான்காம் பட்டறை. ஒரே கொடி என்பதால் 335-க்குப் பிந்தியது. அதற்கு முன் இரண்டு கொடி இருக்கும், எடையும் கொஞ்சம் கூட. வருஷம் போகப் போகக் காசு சுருங்கிக்கொண்டே வந்தது, சிப்பாய்களுக்கு நடுவில் இரண்டு கொடிக்கு இடமில்லாமல் போய்விட்டது. முகத்தில் இருப்பது கான்ஸ்டன்டைனா பிள்ளைகளில் ஒருவரா என்பதைத் தலையில் கட்டியிருப்பதை வைத்து ஓரளவு சொல்லலாம். முத்து வரிசையா, இலைமாலையா? பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.

தக்காளிமண்டி

இலைமாலை மாதிரித்தான் தெரிகிறது, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன். அடுத்து ஓநாய்க் காசு தேடுகிறேன் அக்கா, தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. உபரியாக இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் யானைக்காசு இரண்டு கூடுதலாக இருக்கிறது, இரண்டும் பில்லோடு வாங்கியது, கலயத்தில் எடுத்தது இல்லை. மாற்றிக்கொள்ளலாம்.

பத்துமடங்கு

ஓநாய் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றில் நட்சத்திரம் தெளிவு, இன்னொன்றில் குழந்தைகள் தெளிவு. மகள் எதை விடுவாள் என்று கேட்டுச் சொல்கிறேன். உங்கள் யானை எந்தப் பக்கம் பார்க்கிறது, வலமா இடமா?